சிவப்பில் வராத குஜிலியம்பாறை

1. முதல் நாளே கம்பெனியைத் தொலைத்த கதை

பால் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்த முதல் நாளே மேனேஜரிடம் ஓடிப்போய், "சார், நம்ம பால் சென்டர்ல முக்காவாசி காணாமப் போச்சு" என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளையாடவில்லை. முந்தின நாள் திரையில் முப்பத்தெட்டு ஊர் இருந்தது. அன்று காலையில் மூன்றே ஊர்தான் இருந்தது.

இது 2006 வாக்கில். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் எங்கள் கம்பெனி இருந்தது. அதுவரை நான் பால் கொழுப்புக் கணக்கை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கோயம்புத்தூரில் இருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் வந்தார், ஒரே நாளில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார், சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டார். "பிலோமினா, இனிமே இது ஒம் பொறுப்பு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மேனேஜர் உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் அந்த ஆள் மிகப் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், திரைக்கு மேல ஃபில்டர்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன எழுதியிருக்கு?"

"பழனின்னு எழுதியிருக்கு."

"அது நான் நேத்து டெமோ காட்டுனப்போ அடிச்சதுங்க. அதான் பழனிப் பக்கத்து ஊர மட்டும் காட்டுது. அழிச்சிருங்க."

அழித்தேன். ஊரெல்லாம் திரும்பி வந்தது. மேனேஜர் ஆறு மாதம் என்னைப் 'பழனி மேடம்' என்றுதான் கூப்பிட்டார். இன்றைக்கு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் இரண்டு வருஷம் கழித்து நான் செய்த தப்பும் இதே கட்டத்தில்தான் நடந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

2. பச்சை, சிவப்பு, மஞ்சள், சாம்பல்

முதலில் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்துச் சென்டர்களில் ஜனங்கள் காலையும் மாலையும் பால் ஊற்றுவார்கள். அங்கே ஒரு பெரிய குளிர்டேங்க் இருக்கும். பாலை நாலு டிகிரிக்குக் குளிரவைத்து வைத்திருப்பார்கள். மறுநாள் எங்கள் டேங்கர் லாரி போய் எடுத்துவரும். டேங்கின் சூடு, கம்ப்ரெசருக்குப் போகும் கரண்ட், ஜெனரேட்டர், சிக்னல் என்று ஒவ்வொரு சென்டரிலும் நாலு விஷயத்தைப் பார்க்க ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தோம். உள்ளே ஒரு சிம் கார்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது எங்களுக்குத் தகவல் அனுப்பும். பெட்டி மாட்டியவர் எங்கள் மெக்கானிக் செல்வராஜ் அண்ணன்.

இப்படிக் கண்காணிக்கிற ஒவ்வொரு விஷயத்துக்கும் சாஃப்ட்வேரில் 'மானிட்டர்' என்று பெயர். முப்பத்தெட்டு ஊருக்கு நூற்று ஐம்பத்திரண்டு மானிட்டர். ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. எல்லாவற்றையும் பார்க்க ஏழு பக்கம் புரட்ட வேண்டும். சரியாக இருந்தால் பச்சை, கெட்டுப்போனால் சிவப்பு, கெடப்போகிறது என்றால் மஞ்சள். தகவலே வரவில்லை என்றால் சாம்பல்.

முதலாளிக்குச் சொந்த ஊர் நெய்க்காரப்பட்டி. தினமும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார். வரவேற்பறையில் பெரிய டிவி ஒன்று மாட்டி, அதில் எங்கள் திரையைக் காட்டச் சொன்னார். வருகிறவர்கள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. முதல் நாள் அவரே பார்த்து அசந்துபோனார், வேறு விதமாக.

"ஏனுங்க அம்மிணி, இதென்னுங்க இத்தன செகப்பு? காலங்காத்தால செகப்பப் பாத்தா எனக்கு அன்னிக்கி நாளே ஓடறதில்லீங்க. வாரவிங்க என்ன நெனப்பாங்க? நல்லா இருக்கறத மட்டும் காட்டுங்க."

அதனால் நான் ஒரு ஃபில்டர் போட்டு, 'காலை' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். அதைத் தட்டினால் பச்சை மட்டும்தான் வரும். டிவி முழுக்க நாற்று நட்ட வயல் மாதிரி இருக்கும். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேரளாவில் இருந்து பால் வாங்க வந்தவர்கள் டிவி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு என்று இன்னொரு ஃபில்டர் வைத்தேன். பெயர் 'வேலை'. அதில் சிவப்பும் மஞ்சளும் மட்டும். ஏழு பக்கம் புரட்டுகிற வேலை மிச்சம். சாம்பலை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சேர்த்திருந்தேன். ஆனால் அந்தக் காலத்துச் சிக்னலுக்கு, சும்மா சும்மா பத்து ஊர் சாம்பலாகும், அரை மணியில் தானாகப் பச்சையாகும். அதைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்து ஒருநாள் நானே எடுத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. முழுக்க என் புத்திசாலித்தனம்.

ஆக, முதலாளி பச்சையைப் பார்த்தார், நான் சிவப்பைப் பார்த்தேன். சாம்பலைப் பார்க்க அந்தக் கம்பெனியில் ஓர் ஆள் இல்லை. ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. எனக்கு நல்ல பெயர்.

3. ஒரு நிமிஷப் போன்

குஜிலியம்பாறைச் சென்டரைப் பஞ்சவர்ணக்கா நடத்திவந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவர். கம்ப்யூட்டர் வருவதற்கு ஏழு வருஷம் முன்பிருந்தே அந்த சென்டர் அவர் கையில்தான். ஜனங்கள் ஏழு மணிக்குத்தான் பால் ஊற்ற வருவார்கள் என்றாலும் காலை நாலரைக்கே கதவைத் திறப்பார். தண்ணீர் கலந்த பாலைச் சொந்தத் தம்பி கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புவார். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் மேல் மரியாதை, மீதிப் பேருக்குக் கோபம். கம்பெனியில் ஒரு விதி இருந்தது. ஒரு சென்டரில் இரண்டு தடவை பால் கெட்டால் பொறுப்பாளர் வீட்டுக்குப் போக வேண்டும். குஜிலியம்பாறையில் அந்த வருஷம் தை மாதம் ஒரு தடவை கெட்டிருந்தது. டீசல் அனுப்ப நாங்கள் தாமதித்ததால் கெட்டது என்றாலும் கணக்கு அவர் பெயரில்தான் ஏறியது.

சித்திரை மாதம் ஒருநாள் காலை, ஏழு மணி ஆகவில்லை, போன் வந்தது. அன்று கேரளாக்காரர்கள் வருவதாக இருந்ததால் நான் டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பிலோமி, பஞ்சவர்ணம் பேசுறேன். இங்க லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது, ஆனா கம்ப்ரெசர் சத்தத்தையே காணோம். டேங்கு மீட்டர் முள்ளு எட்டு டிகிரிக்கு ஏறிருச்சு. ஜெனரேட்டரப் போடவா?"

கரண்ட் இருக்கும்போது ஆபீஸில் கேட்காமல் ஜெனரேட்டர் போடக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் கேட்டார்.

"காலப் பாலு ஊத்தும்போது முள்ளு ஏறத்தானக்கா செய்யும்."

"இன்னும் ஊத்தவே ஆரம்பிக்கல தாயி. அதுக்குள்ள ஏறிருச்சு."

நான் 'வேலை'யைத் தட்டினேன். சிவப்பில் இரண்டே வரி. இரண்டும் வேறு ஊர்.

"இங்க உங்க ஊரு செவப்புல வரலக்கா. கம்ப்ரெசர் ஓடலைன்னா எனக்கு இங்க காட்டிக்குடுத்துரும். உங்க முள்ளு பழசு. ஜெனரேட்டர் வேணாம்."

"அப்ப பாலு வாங்கவா?"

"வாங்குங்கக்கா."

"நீ சொல்ற. சரி" என்று வைத்துவிட்டார். மொத்தமே ஒரு நிமிஷம்தான். டேங்குக்குப் பக்கத்தில் நின்று காதால் கேட்டுக் கண்ணால் பார்த்துச் சொன்னவரிடம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அப்படி இல்லை என்று சொன்னேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

டேங்கர் போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. டிரைவர் வழக்கம்போல் கொஞ்சம் பாலைக் காய்ச்சிப் பார்த்தார். திரிந்துவிட்டது. ஆயிரத்து அறுநூறு லிட்டர். ஊற்றிய ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பஞ்சவர்ணக்கா தன் கையாலேயே வால்வைத் திறந்து அத்தனை பாலையும் கீழே விட்டாராம்.

4. நாலு சாம்பல் வரி

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மா ஒனக்குப் போன் பண்ணுனேன்னு சொல்லுது. பண்ணுச்சா?"

"பண்ணாங்க சார். ஆனா செவப்புல ஒண்ணும் வரல."

இந்த இரண்டு வாக்கியமும் உண்மை. ஜெனரேட்டர் போடவா என்று அவர் கேட்டதையும், வேண்டாம் என்று நான் சொன்னதையும் மட்டும் முழுங்கிவிட்டேன். பயந்துவிட்டேன், வேறு காரணம் இல்லை.

"செவப்புல வரலைன்னா கம்ப்ரெசர் ஓடியிருக்கு. அந்தம்மா டேங்க ஒழுங்கா கழுவல, அதான் பாலு கெட்டுருக்கு. ரெண்டாவது தடவ. இன்னைக்கு வந்த ரீடிங்க பிரிண்ட் எடுத்துக் குடு, ஃபைல்ல வைக்கணும். நாளைக்கு ஆர்டர் போட்டுருவோம்."

பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் ஊர்ப்பெயரால் தேட வேண்டும். 'வேலை' ஃபில்டரை எடுத்துவிட்டுக் குஜிலியம்பாறை என்று தேடினேன். நாலு வரி வந்தது. நாலும் சாம்பல். கடைசித் தகவல் வந்த நேரம் காலை ஐந்து ஐம்பது. அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. பஞ்சவர்ணக்கா போன் பண்ணும்போதே அந்தப் பெட்டி செத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சிவப்பில் வரவில்லை என்று நான் அழுத்தம் திருத்தமாகச் சொன்னது உண்மைதான். எதிலுமே வரவில்லை.

எல்லா ஃபில்டரையும் எடுத்துவிட்டு முதல் பக்கத்தில் இருந்து ஏழாம் பக்கம் வரை ஒவ்வொரு வரியாகப் புரட்டினேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் முழுசாகப் பார்க்கிறேன். ஆங்காங்கே சாம்பல். நெய்க்காரப்பட்டி ஜெனரேட்டர் நாலு மாதமாகச் சாம்பல். முதலாளியின் சொந்த ஊர்.

சாயங்காலம் செல்வராஜ் அண்ணன் குஜிலியம்பாறையில் இருந்து திரும்பி வந்தார். மூஞ்சி செத்திருந்தது.

"பிலோமி, மூணு பேஸ் கரண்ட்ல ஒரு பேஸ் போயிருக்கு. லைட்டு வேற பேஸ், அதான் எரிஞ்சிருக்கு. கம்ப்ரெசருக்கு மூணும் வேணும், அதான் ஓடல. நம்ம பெட்டிக்குக் கரண்ட நான் அந்தப் பேஸ்ல இருந்துதான் குடுத்திருக்கேன். பெட்டியும் சேந்து படுத்துருச்சு."

"நெய்க்காரப்பட்டி ஜெனரேட்டர் ஏண்ணே நாலு மாசமா சாம்பலா இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த வயரா? டெஸ்ட் பண்ணக் கழட்டுனேன். ஐயையோ, மாட்டல."

பிரிண்டை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். மேனேஜரிடம் பிரிண்டர் ரிப்பேர் என்று சொன்னேன்.

5. நூற்று ஐம்பத்திரண்டில் நூற்று முப்பத்தொன்று

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதலாளி வரும் நேரத்துக்கு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று நானும் செல்வராஜ் அண்ணனும் வாசலில் நின்றோம். "நீ மொதல்ல சொல்லு, நான் பின்னாடியே வாரேன்" என்றார். "பொட்டிய மாட்டுனது நீங்கதானண்ணே, நீங்க மொதல்ல போங்க" என்றேன். இப்படியே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்கும்போதே முதலாளி வந்து, எங்களைத் தாண்டிப் போய் டிவி முன்னால் நின்றுவிட்டார். திரை முழுக்கப் பச்சை.

"குஜிலியம்பாறையில பாலு கெட்டுப்போச்சுன்னாங்க, இங்க எல்லாம் நல்லாத்தான இருக்குதுங்க?" என்றார்.

கீபோர்டை எடுத்து 'காலை'யை நீக்கினேன். டிவியில் பச்சைக்கு நடுவே சிவப்பும் சாம்பலும் வந்து நின்றன. பிறகு 'காலை'யை மறுபடி போட்டு, திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். நூற்று ஐம்பத்திரண்டில் நூற்று முப்பத்தொன்று காட்டப்படுகிறது என்று எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக அது அங்கேயேதான் இருந்தது. நானும் படித்ததில்லை.

"ஏனுங்க அம்மிணி, அப்ப மிச்சம் இருவத்தொண்ணு?"

"உங்களுக்குப் புடிக்காதுன்னு எடுத்துட்டேங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சவர்ணக்கா போன் பண்ணியது, ஜெனரேட்டர் போடவா என்று கேட்டது, நான் வேண்டாம் என்றது, மேனேஜரிடம் அதை மறைத்தது, பிரிண்டர் ரிப்பேர் என்றது வரைக்கும். செல்வராஜ் அண்ணன் பெட்டி விஷயத்தைச் சொன்னார். நெய்க்காரப்பட்டி வயரையும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் அந்த மனுஷனுக்கு நிறுத்தத் தெரியாது.

வேலை போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செகப்பு வேண்டாம்னு சொன்னது நாந்தானுங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன், நீங்க கைப்புடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. ரெண்டு பேரும் சேந்துதான் கெணத்துல விழுந்திருக்கோம்" என்றார். சட்டென்று எழுந்தார். "அந்தம்மா எங்கயும் போகப்போறதில்லீங்க. அத மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா அந்தம்மாகிட்ட நீங்கதான் சொல்லோணும். வாங்க, வண்டி ஏறுங்க."

6. எந்தக் கலர்

செல்வராஜ் அண்ணனும் கூட ஏறிக்கொண்டார். போகும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வசனத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பஞ்சவர்ணக்கா சென்டர் வாசலில் உட்கார்ந்து கேன் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வேலையை விட்டு நிறுத்தத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தார் போலிருக்கிறது, சாவிக் கொத்தை இடுப்பில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் நான் தயாரித்த வசனமெல்லாம் மறந்துவிட்டது.

"தப்பு எம்மேலதான்க்கா. நீங்க சொன்னது அம்புட்டும் சரி. பொட்டி செத்துக் கெடந்துச்சு, நான்தான் பாக்கல. சாவிய உள்ள வைங்கக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் அழவில்லை. கையை முந்தானையில் துடைத்தார். பச்சை, சிவப்பு, சாம்பல் எல்லாவற்றையும் நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

"எல்லாஞ் சரி தாயி. நான் போன் பண்ணிச் சொன்னேன்ல, அது அந்தப் பொட்டியில எந்தக் கலர்ல வரும்?"

செல்வராஜ் அண்ணன் கம்ப்ரெசரைப் பார்க்கப் போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"வராதுக்கா."

"அதத்தான் கேட்டேன்" என்றார். "சரி, வெயில்ல நிக்கிறீக. செத்த நேரம் உள்ள உக்காருங்க, மோர் கொண்டாறேன்."

7. ஐந்தாவது வரி

திரும்பி வந்ததும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "ஒரு ஆளு சொல்றத மானிட்டரா வைக்க முடியுமா?" என்று கேட்டேன். "மேனுவல் மானிட்டர்னு ஒண்ணு இருக்குதுங்க மேடம், நாமளே கையால கலர் மாத்தலாம். ஆனா அத யாருமே யூஸ் பண்றதில்லீங்க" என்றார். "நாங்க பண்றோம்" என்றேன்.

சென்டருக்கு ஒன்று என்று முப்பத்தெட்டு புதிய மானிட்டர் சேர்த்தேன். மொத்தம் நூற்றுத் தொண்ணூறு. இவற்றுக்கு மட்டும் ஊர்ப்பெயர் இல்லை, பொறுப்பாளர்களின் பெயர். சென்டரில் இருந்து போன் வந்தால் முதலில் அந்த வரியை ஆரஞ்சு ஆக்க வேண்டும், பிறகுதான் என்ன ஏது என்று விசாரிக்க வேண்டும். எந்த ஃபில்டர் போட்டாலும் ஆரஞ்சு மேலே வந்து நிற்கும். ஜெனரேட்டர் போடுவது இனிமேல் சென்டர் பொறுப்பாளர் இஷ்டம் என்று முதலாளி உத்தரவு போட்டார். 'காலை' ஃபில்டரை அவர் முன்னாலேயே அழித்தேன். ஒரு வாரம் அவர் டிவி பக்கம் வரவில்லை, பிறகு பழகிவிட்டார். சாம்பலாகக் கிடந்த பெட்டிகளையெல்லாம் செல்வராஜ் அண்ணன் ஒரு மாதம் அலைந்து சரிசெய்தார். நெய்க்காரப்பட்டிக்கு முதலில் போனார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஃபில்டர் நல்ல சாமான், அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் திரையில் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை தெரிகிறது என்று பாருங்கள். குறைகிற எண்ணிக்கைக்குக் காரணம் தெரியாமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது ஃபில்டர் இல்லாமல் எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும். அப்புறம், போனில் ஒருவர் சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால், திரைக்காக அவரிடம் வாதாடாதீர்கள்.

ஆடி மாதம் ஒரு காலையில் பஞ்சவர்ணக்கா போன் பண்ணினார். "கம்ப்ரெசர் ஓடுது, ஆனா டேங்கு குளுரல தாயி. கை வச்சாலே தெரியுது." அவர் வரியை ஆரஞ்சு ஆக்கிவிட்டுக் குஜிலியம்பாறையைப் பார்த்தேன். மற்ற நாலு வரியும் பச்சை. சூடு சரியாக நாலு டிகிரி. 'இங்க நாலு டிகிரிதானக்கா காட்டுது' என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு செல்வராஜ் அண்ணனை அனுப்பினேன், டேங்கரையும் சீக்கிரம் போகச் சொன்னேன். வரவேற்பறையில் கேரளாக்காரர்கள் இரண்டு பேர் அந்த ஆரஞ்சு வரி என்ன என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்க குஜிலியம்பாறை அம்மாங்க" என்றார் அவர். "அவங்க குளுரலைன்னா குளுரலீங்க."

அங்கே போய்ப் பார்த்தால் குளிர் கேஸ் கசிந்துகொண்டிருந்தது. சூடு பார்க்கிற வயர் டேங்கை விட்டு நழுவி, பக்கத்தில் இருந்த சில்லென்ற குழாயில் சாய்ந்துகொண்டு நாலு டிகிரி, நாலு டிகிரி என்று அனுப்பிக்கொண்டிருந்தது. பால் அப்போதுதான் ஒன்பதைத் தொட்டிருந்தது. டிரைவர் காய்ச்சிப் பார்த்தார், திரியவில்லை. டேங்கர் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

பத்தரை மணிக்கு மறுபடி போன்.

"பாலு தப்பிச்சிருச்சு பிலோமி. இப்ப என் கலர மாத்திக்க."